ஐஸ்லாந்தா, நார்வேயா? பச்சை வானம் தேடிப் போகும் குடும்பத்துக்கு எது சரி?

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் எப்படியும் ஒன்று வந்துவிடுகிறது. பனி மூடிய மலை, அதன் மேல் பச்சைத் துணியை உதறி விரித்தது போல ஆடும் வானம், கீழே வாயைப் பிளந்து நிற்கும் ஒரு ஜோடி. ‘நாமும் ஒருமுறை போகணும்’ என்று வீட்டில் யாராவது சொல்ல, அடுத்த கேள்வி தானாக வரும். ஐஸ்லாந்து போகலாமா, நார்வே போகலாமா?

இரண்டுமே வடதுருவ ஒளிக்குப் பேர் போன நாடுகள். இரண்டிலும் விலைவாசி தலையைச் சுற்ற வைக்கும். இரண்டுக்கும் சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. பல வருடச் சேமிப்பைப் போட்டுப் போகும் பயணம் என்பதால், அழகான போட்டோக்களை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து. அந்தப் போட்டோக்கள் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது: மேகம். ஒளி தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் அதன் கையில்தான் இருக்கிறது. நான்கு இரவு தங்கி, நான்கு இரவும் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் இரண்டு நாட்டிலும் உண்டு.

அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். மேகம் வந்தால் எந்த ஊரில் தப்பிக்க வழி அதிகம்? தப்பிக்கவே முடியாத நாளில், செலவழித்த பணத்துக்கு எந்த ஊர் ஈடு கொடுக்கும்?

வானத்தில் என்ன நடக்கிறது?

சூரியனிலிருந்து மின்னூட்டம் கொண்ட துகள்கள் எப்போதும் வீசிக்கொண்டே இருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றைத் துருவங்களின் பக்கம் இழுத்துச் செல்கிறது. அங்கே அவை காற்றில் உள்ள ஆக்சிஜன், நைட்ரஜனோடு மோதும்போது வெளிச்சம் பிறக்கிறது. சுமார் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பச்சை நிறம் தரும். 200 கிலோமீட்டருக்கு மேலே அதே ஆக்சிஜன் சிவப்பாக ஒளிரும். கீழ் ஓரத்தில் தெரியும் ஊதாவும் இளஞ்சிவப்பும் நைட்ரஜனின் வேலை.

2024 மே 10, 11 இரவில் மிகப் பெரிய சூரியப் புயல் வந்தபோது, நம் லடாக்கின் ஹான்லேவிலேயே வானம் சிவந்தது நினைவிருக்கலாம். அங்கே பச்சை தெரியவில்லை, சிவப்பு மட்டும்தான். அவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கும்போது, ஒளியின் உச்சிப் பகுதி மட்டுமே அடிவானத்துக்கு மேலே எட்டிப் பார்த்தது என்பதே காரணம்.

இந்த ஒளியை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியவர் நார்வே விஞ்ஞானி கிறிஸ்டியன் பிர்க்லாண்ட். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிறிய காந்த உருண்டையை வைத்து, அதன் மேல் எலக்ட்ரான்களைப் பாய்ச்சினார். உருண்டையின் துருவங்களைச் சுற்றி ஒளி வளையம் தோன்றியது. நார்வேயின் 200 குரோனர் நோட்டில் பல வருடம் அவர் முகம்தான் இருந்தது. 2017-ல் வந்த புது நோட்டில் அவருக்குப் பதில் காட் மீன் படம் வந்துவிட்டது. மீன்தான் அந்த நாட்டுக்குச் சோறு போட்டது என்பதால் விஞ்ஞானியும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

அந்த ஒளி வளையம் உண்மையான பூமியிலும் உண்டு. ஐஸ்லாந்து, வட நார்வே இரண்டும் அதற்கு நேர் கீழே இருக்கின்றன. அதனால் பெரிய சூரியப் புயலுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆப்களில் காட்டும் ‘கே.பி.’ எண் 0 முதல் 9 வரை போகும். ‘5 வந்தால்தான் தெரியும்’ என்று யாராவது சொன்னால், அது இன்னும் தெற்கே உள்ள ஊர்களின் கணக்கு. இங்கே 2, 3 இருந்தாலே ஒளி தலைக்கு மேல் வரும். ‘சூரியன் உச்சத்தில் இருக்கிறது, இந்த வருடம் விட்டால் போச்சு’ என்று பயமுறுத்தும் விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் அது உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது உண்மை. ஆனால், வளையத்துக்கு நேர் கீழே உள்ள ஊர்களில் சூரியன் சோம்பலாக இருக்கும் வருடங்களிலும் ஒளி வரத்தான் செய்யும்.

ஐஸ்லாந்து: சாலையை விட்டு இறங்கினால் அதிசயம்

தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறிய தீவு. மக்கள்தொகையோ நான்கு லட்சத்தை ஒட்டித்தான். தீவைச் சுற்றி ஒரே நெடுஞ்சாலை, சுமார் 1,300 கிலோமீட்டர். ‘ரிங் ரோடு’ என்பார்கள். பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் இந்தச் சாலையை ஒட்டியே இருப்பதுதான் ஐஸ்லாந்தின் பெரிய பலம்.

தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து ஒரே நாளில் மூன்று இடம் பார்த்துவிட்டுத் திரும்பலாம். முதலாவது திங்வெட்லிர். வட அமெரிக்கக் கண்டத் தட்டும் யூரேசியத் தட்டும் விலகிச் செல்லும் பிளவுக்குள் நீங்கள் நடக்கலாம். கி.பி. 930-லேயே ஐஸ்லாந்து மக்கள் கூடிச் சட்டம் பேசிய இடமும் இதுதான். அடுத்து, ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொதிநீரைப் பீய்ச்சி அடிக்கும் ஸ்ட்ரோக்கூர் ஊற்று. மூன்றாவது குட்ல்ஃபாஸ் அருவி. குழந்தைகளோடு போனால் ஸ்ட்ரோக்கூரில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. ‘இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை’ என்று நின்றுவிடுவார்கள்.

தெற்குக் கரையில் இன்னும் கொஞ்சம் போனால் செல்யாலாண்ட்ஸ்ஃபாஸ், ஸ்கோகாஃபாஸ் என்ற இரண்டு அருவிகள். இரண்டும் சுமார் 60 மீட்டர் உயரம். முதல் அருவிக்குப் பின்னால் நடந்து சுற்றி வர வழி உண்டு. ரெய்க்யவிக்கிலிருந்து ஏறக்குறைய 370 கிலோமீட்டரில் யோகுல்ஸார்லோன் ஏரி. ஐரோப்பாவின் மிகப் பெரிய பனிப்பாறைகளில் ஒன்றான வாட்னாயோகுல்லின் ஒரு கிளையிலிருந்து உடைந்து விழும் நீலப் பனிக்கட்டிகள் இந்த ஏரியில் மிதந்து கடலுக்குப் போகும். அலை அவற்றைத் திருப்பிக் கரிய மணலில் வீசும். அந்த மணலில் கண்ணாடித் துண்டுகள் போல அவை கிடப்பதைப் பார்க்க, ஒளி வராத இரவுகளைக்கூட மன்னித்துவிடலாம்.

வழியில் வரும் ரெய்னிஸ்ஃப்யாரா என்ற கறுப்பு மணல் கடற்கரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அமைதியாக இருப்பது போலத் தெரியும் கடல், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெரிய அலையைக் கரைக்குள் வெகு தூரம் அனுப்பும். செல்ஃபி எடுக்கக் கடலுக்கு முதுகு காட்டி நின்ற சுற்றுலாப் பயணிகள் இழுத்துச் செல்லப்பட்டு இறந்திருக்கிறார்கள். அங்கே எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்பு எரிந்தால் கீழே இறங்கவே கூடாது. மெரினாவில் காலை நனைக்கும் பழக்கத்தில் குழந்தைகளை ஓட விடாதீர்கள்.

இனி ஐஸ்லாந்தின் பலவீனம். வட அட்லாண்டிக்கின் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோகும் பாதையிலேயே இந்தத் தீவு உட்கார்ந்திருக்கிறது. குளிர்காலத்தில் மேகமும் புயல்காற்றும் அடிக்கடி வரும். தெற்கில் மேகம் என்றால் வடக்கில் வானம் திறந்திருக்கலாம். ஆனால், அங்கே போக இருக்கும் ஒரே சாலை பனிப்புயலில் மூடப்பட்டிருக்கும். காற்று எவ்வளவு பலம் என்றால், கார்க் கதவை அஜாக்கிரதையாகத் திறந்தால் கதவையே வளைத்துவிடும். சாதாரண வாடகைக் கார் காப்பீடு பல நேரம் இந்தச் சேதத்துக்குப் பணம் தராது. இடது பக்கம் ஓட்டிப் பழகிய, பனிக்கட்டிச் சாலையையே பார்த்திராத ஒருவர், ஜனவரியில் அம்மா அப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு ரிங் ரோட்டில் வலது பக்கமாக ஓட்டுவது வீரம் அல்ல. அந்த மாதங்களில் சுற்றுலாப் பேருந்துதான் நல்லது.

எரிமலையும் உண்டு. ரெய்க்யவிக் விமான நிலையம் இருக்கும் தீபகற்பத்தில் 2021 முதல் பலமுறை எரிமலை வெடித்திருக்கிறது. கிரிண்டாவிக் என்ற மீனவர் ஊரை 2023 நவம்பரில் முழுக்கக் காலி செய்தார்கள். விமானங்கள் பொதுவாக வழக்கம்போலப் பறந்தன. ஆனால், அதன் அருகில் உள்ள புகழ்பெற்ற ‘புளூ லகூன்’ வெந்நீர்க் குளம் அவ்வப்போது மூடப்பட்டது. போகும் வாரத்தில் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு சின்ன முன்னெச்சரிக்கை. ஐஸ்லாந்தின் பொது நீச்சல் குளங்களில் இறங்கும் முன், ஆண், பெண் தனித்தனி அறைகளில், ஆடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். இது கறாரான விதி. குழாயில் வெந்நீர் திறந்தால் அழுகிய முட்டை வாசம் வரும். அது பூமிக்கடியிலிருந்து வரும் கந்தகம், பயப்பட ஒன்றுமில்லை. குடிக்கும் குளிர்நீரோ மிகச் சுத்தம். பாட்டில் தண்ணீருக்குச் செலவழிப்பது வீண்.

நார்வே: ஒரே நாடு, இரண்டு பயணம்

நார்வே பற்றிய பெரிய குழப்பம் இதுதான். காலண்டர்களில் வரும் ஆழமான ஃபியோர்டுகளும் வானில் ஆடும் பச்சை ஒளியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பனிப்பாறைகள் குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்ததுதான் ஃபியோர்டு. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள கெய்ராங்கர், நெரோய் ஃபியோர்டுகள் தென்மேற்கில், பெர்கன் நகரம் இருக்கும் பக்கம் உள்ளன. வடதுருவ ஒளிக்கான ட்ரோம்ஸோவோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. அந்த ஃபியோர்டுகளுக்கு ஏற்ற காலம் கோடை. கோடையில் வடக்கே இரவே இருட்டாது, நட்சத்திரம்கூடத் தெரியாது. ஆகவே ‘ஒரே வாரத்தில் ஃபியோர்டும் ஒளியும்’ என்று யாராவது பேக்கேஜ் விற்றால், எந்த ஃபியோர்டு என்று கேளுங்கள்.

ஒளிக்காகப் போவதென்றால் ட்ரோம்ஸோ. ஆர்க்டிக் வட்டத்துக்கு 350 கிலோமீட்டர் வடக்கே, ஒரு தீவின் மேல் உள்ள ஊர். அவ்வளவு வடக்கே இருந்தும், அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதில்லை. ஜனவரியில் சராசரிக் குளிர் மைனஸ் 4 டிகிரி அளவில்தான் இருக்கும். பல்கலைக்கழகம், நூலகம், காபிக் கடைகள், நல்ல பேருந்து வசதி எல்லாம் உண்டு. கேபிள் காரில் 421 மீட்டர் உயர மலைக்கு ஏறி, ஊரையும் கடலையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். கார் வாடகைக்கு எடுக்காமலேயே முழுப் பயணத்தையும் முடித்துவிடலாம் என்பது பெரியவர்களோடு போகிறவர்களுக்கு உண்மையான நிம்மதி.

மேகத்திலிருந்து தப்பிக்கும் வழியும் இங்கேதான் அதிகம். ட்ரோம்ஸோ கடற்கரையில் இருப்பதால் அங்கும் மேகம் வரும். ஆனால், கிழக்கே லிங்கன் மலைத்தொடர் இருக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் இந்தப் பக்கமே பனியைக் கொட்டிவிட, அந்தப் பக்கம் வறண்ட வானம் கிடைக்கும். தென்மேற்குப் பருவமழையில் கேரளா நனையும்போது மலைக்கு இந்தப் பக்கம் நம் ஊர்கள் காய்கின்றனவே, அதே கணக்குதான். ‘அரோரா வேட்டை’க்குக் கூட்டிப்போகும் வேன்கள் மாலையிலேயே மேகப் படத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் ஷிபோட்ன் பள்ளத்தாக்கு வழியாக 160 கிலோமீட்டர் தாண்டி, பின்லாந்தின் கில்பிஸ்யார்வி வரை ஓட்டிப் போகும். எல்லை தாண்டுவதால் பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும். அங்கே குளிர் மைனஸ் 20, 25 வரை இறங்கலாம். கனமான வெப்ப உடையைப் பல வேன்காரர்களே தருவார்கள். நடுநிசி தாண்டித்தான் திரும்புவீர்கள். ஆறு வயதுக் குழந்தைக்கும் எழுபது வயதுத் தாத்தாவுக்கும் அந்த எட்டு மணி நேரப் பயணம் தாங்குமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இயற்கைக் காட்சிக்கு வட நார்வேயில் லோஃபோடன் தீவுகள். கடலிலிருந்து நேராக எழும்பும் கூர்மையான மலைகள், அடியில் கால் ஊன்றி நிற்கும் சிவப்பு மீனவர் குடில்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை மரச்சட்டங்களில் காட் மீன் வரிசையாகத் தொங்கும். உப்பே போடாமல் குளிர்காற்றிலேயே காய வைக்கும் கருவாடு அது. நூற்றாண்டுகளாக இத்தாலிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. காற்று வாக்கில் நின்றால் வாசனை நாகப்பட்டினத்தை நினைவூட்டும்.

இந்த மீனோடு தமிழர்களுக்கு ஒரு நிஜமான தொடர்பு உண்டு. 1980-களில் போர்ச்சூழலில் நாட்டை விட்டு வந்த இலங்கைத் தமிழர்கள் பலர், நார்வேயின் வட கோடியான ஃபின்மார்க்கில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்கள். நாம் லட்சங்கள் கொடுத்துப் பார்க்கப் போகும் அந்த வானத்தின் கீழேதான் அவர்கள் மீன் வெட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். பின்னாளில் பலர் ஆஸ்லோ பக்கம் குடிபெயர்ந்தார்கள்.

எந்த மாதம்?

நாட்டைவிட மாதம் முக்கியம் என்றுகூடச் சொல்லலாம். ஒளிக்கான காலம் இரண்டு நாட்டிலும் செப்டம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. பலர் கிறிஸ்துமஸ் விடுமுறையைக் குறி வைக்கிறார்கள். ஆனால், ட்ரோம்ஸோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. நண்பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். அந்த நீலம் அழகுதான், ஆனால் மலையும் கடலும் சரியாகப் பார்க்கக் கிடைக்காது. ரெய்க்யவிக்கில் அதே சமயம் பகல் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அருவியும் பனிப்பாறையும் பார்க்கப் போன இடத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும்.

என்னைக் கேட்டால், ஐஸ்லாந்துக்கு செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும். சாலைகளில் பெரும்பாலும் பனி இருக்காது, பகல் பதினோரு மணி நேரம் கிடைக்கும், இரவும் ஒளி தெரியும் அளவுக்கு இருட்டிவிடும். பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றை அதிகம் உள்ளே விடும் பருவமும் இந்தச் சம இரவு நாட்களை ஒட்டித்தான். நமக்குக் காலாண்டு விடுமுறையும் அப்போதுதான் வரும். நார்வேக்கு பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை. ட்ரோம்ஸோவில் பிப்ரவரி நடுவில் சுமார் ஏழு மணி நேரப் பகல், ஊரெல்லாம் பனி, சாமி இன மக்களின் கலைமான் வண்டி, இரவில் வேட்டை. ஆனால், பள்ளித் தேர்வுக் காலம் என்பதால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது கஷ்டம்.

ஒளிதான் முதல் ஆசை, இயற்கைக் காட்சி கூடுதல் வரவு என்பவர்கள் ட்ரோம்ஸோ போகலாம். குறைந்தது நான்கு, ஐந்து இரவுகள் அங்கேயே தங்க வேண்டும். நிலத்தைப் பார்க்கத்தான் ஆசை, வானம் ஆடினால் போனஸ் என்பவர்களுக்கு ஐஸ்லாந்து. பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு என் ஓட்டு ஐஸ்லாந்துக்கே. ஒளி வராமல் போனாலும் பகலில் பார்த்தவை அவர்களுக்கு மறக்காது. ஓய்வுபெற்ற தம்பதி, கார் ஓட்ட வேண்டாம் என்பவர்கள் யோசிக்காமல் நார்வே பக்கம் போங்கள். பணத்தையும் நாட்களையும் பிரித்து ‘இரண்டிலும் மூன்று மூன்று நாள்’ என்ற திட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டிலும் மேகத்துக்குக் காத்திருக்க நேரம் இருக்காது.

கிளம்பும் முன்

இரண்டுமே ஷெங்கன் நாடுகள். ஒரே விசா போதும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அதோடு மையத்தின் சேவைக் கட்டணம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

புளியோதரைப் பொடி, உடனடி உப்புமா கொண்டு போனால் செலவு நன்றாகக் குறையும். சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால் இன்னும் நல்லது. ஆனால், வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருள்கள் கொண்டு வருவதற்குக் கட்டுப்பாடு உண்டு. நெய், பால்கோவா டப்பாக்களை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். நடைபாதைகள் கண்ணாடி போல வழுக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டையை அங்கே போனதும் முதல் வேலையாக வாங்குங்கள். இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த ஊர் ஆஸ்பத்திரிச் செலவை நினைத்துப் பாருங்கள்.

மங்கலான ஒளி வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிற மேகம் போலத்தான் தெரியும். போன் கேமராவை நைட் மோடில் வைத்து, ஆடாமல் மூன்று முதல் பத்து நொடி எடுத்தால் அதே இடம் பச்சையாக வரும். சந்தேகமாக ஏதாவது வெண்மை தெரிந்தால் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். ஒளி பலமாக வந்துவிட்டால் போனைப் பாக்கெட்டில் போட்டுவிடுங்கள். நன்றாக ஆடுவது பல நேரம் சில நிமிடங்கள்தான்.

ஐஸ்லாந்தின் கிராமப்புற ஹோட்டல்கள் பலவற்றில், இரவில் ஒளி வந்தால் அறைக்குப் போன் செய்து எழுப்பும் வசதி இருக்கிறது. ரூம் பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரையும் ஷூவையும் கட்டில் பக்கத்திலேயே வைத்துவிட்டுத் தூங்குங்கள்.